குஞ்சரமாதேவி வெட்டுவித்த ஏரி

ஜூலை 4, செவ்வாய்

புத்தாண்டுக்கு ஒன்றிய அலுவலகத்தில் எல்லா ஊராட்சித் தலைவர்களுக்கும் கொடுத்த டைரி இது. முதல் பக்கத்தில் ‘தலைவர் பெயர்’ என்று கோடு போட்ட இடத்தில் என் வீட்டுக்காரர் தன் பெயரை எழுதினார். கலியபெருமாள். அதோடு அலமாரியில் போட்டுவிட்டார். பாதி வருடம் சும்மாவே கிடந்தது. இன்றைக்கு வந்த கோபத்தை எங்கேயாவது கொட்டியாக வேண்டும், அதனால் எடுத்தேன்.

எங்கள் ஊர் கூஞ்சமங்கலம். ஏரிக்குப் பெயர் கூஞ்சேரி. ‘கோப்பெருமழவன் பேரவை’ என்று வெள்ளை வேட்டிக்காரர்கள் நாலு பேர் வந்து வரவேற்பறையில் உட்கார்ந்தார்கள். ஏரிக்கரை முகப்பில் வளைவு கட்டித் தருகிறார்களாம். ஏரியின் பெயரை மட்டும் ‘மாமன்னர் கோப்பெருமழவன் பேரேரி’ என்று மாற்றித் தர வேண்டுமாம். என்ன ஆதாரம் என்றால், மதகடியில் பாதி புதைந்து நிற்கும் கல்லின் முதல் வரி. ‘கோப்பெருமழவர்க்கு யாண்டு ஒன்பதாவது’ என்று இருக்கிறது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டு முடித்துவிடலாம் என்று இவரும் சொல்லிவிட்டார்.

காபித் தட்டோடு நின்ற நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கல்வெட்டில் ராஜா பெயர் முதலில் வருவது தேதிக்காக. இன்ன ராஜாவின் ஒன்பதாம் வருடம் என்று அர்த்தம். இதோ, மேலே ‘ஜூலை 4’ என்று போட்டிருக்கிறேன். இதை எழுதியது ஜூலையா? ஏரியை யார் வெட்டினார்கள் என்பது கீழே புதைந்த பாதியில் இருக்கும் என்றேன்.

வெள்ளை வேட்டிகள் இவர் முகத்தைப் பார்த்தார்கள். இவர் சிரித்தார். “வாத்தியாரம்மா வேலைய விட்டு மூணு வருசம் ஆவுது, இன்னும் விடைத்தாளு திருத்திக்கிட்டு இருக்கா.” எல்லோரும் சிரித்தார்கள். நான் பி.ஏ. வரலாறு. மெட்ரிக் பள்ளியில் எட்டு வருடம் பாடம் எடுத்தவள். சிரிக்கட்டும்.

ஜூலை 5, புதன்

நேற்று எழுதியதைப் படித்தால் அவரைக் குறை சொல்வது போலிருக்கிறது. அப்படியில்லை. இரண்டு முறை தலைவராக இருந்தவர் அவர். இந்த முறை எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள், அதனால் நான் நின்றேன். போஸ்டரில் என் படம் சின்னதாக, அவர் படம் பெரிதாக. ஜெயித்ததும் மாலையை அவர் கழுத்தில் போட்டார்கள், அவர் கழற்றி எனக்குப் போட்டார். ஆபீஸ் நாற்காலியில் அவர்தான் உட்காருகிறார். அந்த நாற்காலி எனக்கு உயரம் ஒத்துவராது, முதுகு வலிக்கும். அவரை ஊர் தலைவர் என்கிறது. என்னைத் தலைவரம்மா என்கிறது. தலைவராக இருக்கும் அம்மாவா, தலைவர் வீட்டு அம்மாவா என்று யாரும் பிரித்துக் கேட்டதில்லை. எந்தக் கஷ்டமும் இல்லாமல் போகிறது.

இன்று புளி உடைத்து வெயிலில் காயவைத்தேன். குரங்குத் தொல்லை தாங்கவில்லை.

ஜூலை 10, திங்கள்

நூறு நாள் வேலைப் பெண்கள் ஏரியில் தூர் வாருகிறார்கள். நான் நேரே போனேன். தண்ணீர்க் குடம் கொண்டுபோகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

ஆறாவது வார்டு உறுப்பினர் பூங்கோதையும் அங்கே மண்வெட்டியோடு நின்றாள். உறுப்பினர் என்றாலும் வேலைக்கு வந்துவிடுவாள். கணவன் இல்லாதவள், அதனால் தன் கையெழுத்தைத் தானே போடுகிறவள். “பூங்கோத, இந்தக் கல்லச் சுத்தி ரெண்டு முழம் தோண்டித் தர்றியா?” என்றேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஆறு பெண்கள் சேர்ந்து மதியத்துக்குள் சேற்றை அள்ளிவிட்டார்கள்.

கீழே முழுக்க எழுத்து! தேய்மானமே இல்லை. பழைய எழுத்தை வேகமாகப் படிக்க எனக்கு வராது. ‘தேவியார்’ என்ற ஒரு சொல்லை மட்டும் கூட்டிப் படித்தேன். பூங்கோதையின் போனில் படம் எடுத்து, திருச்சியில் நான் படித்த கல்லூரிக்கு அனுப்பினேன். அனுப்பும்போது ஊராட்சி ஆபீஸ் நம்பரைக் கொடுத்தேன். அந்த போன் வீட்டில்தான் இருக்கும்.

ஜூலை 12, புதன்

இன்று நடந்ததை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

கல்லூரியிலிருந்து போன். “தலைவர் இருக்காங்களா?” என்றது ஒரு பெண் குரல்.

“அவரு வெளிய போயிருக்காரு. சாயங்காலம் பண்ணுங்க.”

“நீங்க யாரு பேசுறீங்க?”

“அவர் வீட்டம்மா.”

“இல்ல மேடம், வெப்சைட்ல உங்க ஊருக்குப் பொம்பள பேருல்ல போட்டிருக்கு?”

என்ன திமிர் பாருங்கள். யார் வீட்டில் யார் போனை எடுத்தால் இவளுக்கென்ன? “அது நாந்தான், சொல்லுங்க” என்றேன் வெடுக்கென்று. அவள் பெயர் ஜெசிந்தா, உதவிப் பேராசிரியை, கல்வெட்டு அவள் பாடம். படத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லையாம். அடுத்த புதன் நேரில் வருகிறாள்.

போனை வைத்த பிறகும் அவள்மேல் ஆத்திரம் தீரவில்லை. மதியச் சாப்பாட்டில் ரசத்துக்கு உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன்.

ஜூலை 19, புதன்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

ஜெசிந்தா சின்னப் பெண், முப்பதுக்குள். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மையை ஒற்றி, உரித்து எடுத்தாள். கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தாகக் கல் அப்படியே வந்துவிட்டது. கரையில் விரித்துப் போட்டுப் படிக்கப் படிக்க, வேலைப் பெண்கள் எல்லோரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்கள். அவள் படித்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

‘கோப்பெருமழவர்க்கு யாண்டு ஒன்பதாவது. நம் பெருமாள் வடதிசை எழுந்தருளி இருந்த நாலாண்டும் மழை பெய்யாமையின், அவர் தேவியார் சேந்தன் குஞ்சரமாதேவியார், கோயிலுக்கு வந்த கல் கொண்டு தூம்பு செய்து, வெட்டுவித்த பேரேரி. இவ்வேரி நீர் கடைமடை முதலாகப் பாயக் கடவது. இம்முறை அழித்தான் பெரும்பாவம் கொள்வான்.’

ராஜா நாலு வருடம் வடக்கே சண்டைக்குப் போய்விட்டான். மழை இல்லை. இங்கே இருந்தது அவள். சேந்தன் மகள் குஞ்சரமாதேவி. ‘கோயில்’ என்றால் அந்தக் காலத்தில் அரண்மனை என்றும் பொருள் என்று ஜெசிந்தா விளக்கினாள். ராஜா தனக்கு மண்டபம் கட்டக் கல் வரவழைத்திருக்கிறான். அந்தக் கல்லை எடுத்து மதகு கட்டிவிட்டாள் மகராசி!

உடனே மதகைப் போய்ப் பார்த்தோம். மதகின் உள்சுவரில் பாதி செதுக்கிய யாளி முகங்கள் தலைகீழாக இருக்கும். கட்டினவன் குடித்துவிட்டுக் கட்டினான் என்று ஊரில் கேலி பேசுவோம். குடிக்கவில்லை. மண்டபத் தூணுக்குச் செதுக்கிக்கொண்டிருந்த கல், அவசரத்துக்கு எப்படி உட்கார்ந்ததோ அப்படியே வைத்து அடைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு யாளி நேராக இருந்தால் என்ன, தலைகீழாக இருந்தால் என்ன?

“இந்த ராணி பத்தி வேற எங்கயும் யாரும் எழுதல மேடம். மொதல்ல நாமதான் படிக்கிறோம்” என்றாள் ஜெசிந்தா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேற்றுக்குள் இத்தனை காலம் நின்றிருக்கிறாள், தலைக்கு மேலே புருஷன் பெயரைச் சுமந்துகொண்டு.

ஜூலை 20, வியாழன்

அவரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். பிறகு சொன்னார்:

“சரி, ‘அவர் தேவியார்’னுதானே போட்டிருக்கு? பொண்டாட்டி செஞ்சா புருசன் செஞ்ச மாதிரிதான். அவ என்ன மம்புட்டி புடிச்சா வெட்டினா?”

“ராஜா மட்டும் புடிச்சாரா?”

“ராஜா இல்லாம ராணி ஏது?”

“நாலு வருசம் ராஜா இல்லாமத்தான இருந்திருக்கா? ஏரியே வெட்டியிருக்கா?”

“இந்தா, இப்ப எதுக்குக் கத்துற? நா பேரவைக்கு வாக்குக் குடுத்துட்டேன். வளைவு தொறக்க மந்திரிக்கிட்ட தேதி கேட்டிருக்காங்க. செத்துப்போன ராணிக்காவ என் மூஞ்சியில கரியப் பூசாத.”

வண்டியை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போய்விட்டார். ஒரு தேசத்தையே காப்பாற்றியவள் செய்த வேலையைச் சட்டையை மாற்றுவது மாதிரி மாற்றிப் புருஷனுக்குப் போட்டுவிடுகிறார்களே, இது என்ன நியாயம்? தோற்ற ராஜாவுக்குக்கூட நாட்டில் சிலை இருக்கிறது. நான் குஞ்சரமாதேவியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஜூலை 26, புதன்

ஜெசிந்தா போன் செய்தாள். இன்றைக்கு யார் பேசுவது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எட்டு மைல் தள்ளி இருக்கும் சிவன் கோவிலில் அதே ராஜாவின் பதினாலாம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறதாம். ராஜா ஊர் திரும்பி, மண்டபம் கட்டி முடித்து, விளக்கெரிக்கும் நெய்க்காக ஆடு கொடுத்திருக்கிறான். பக்கத்தில் பட்டத்தரசி என்று வேறொரு பெண்ணின் பெயர். குஞ்சரமாதேவி அதில் இல்லை. அதற்குப் பிறகு எதிலும் இல்லை.

“என்ன ஆனாங்க?” என்றேன்.

“தெரியாது மேடம். கல்லு சொல்லல. நானா எதையும் சொல்லக் கூடாது.”

அவள் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். மண்டபத்துக் கல் எங்கே என்று வந்தவுடன் கேட்டிருப்பான். தண்ணீர் நிற்பதைக் காட்டியிருப்பாள். ஊர் பிழைத்தது என்று மகிழ்ந்திருக்க மாட்டான். தன்னைக் கேட்காமல் பிழைத்துவிட்டதே என்றுதான் இருந்திருக்கும்.

வெண்டைக்காய் நறுக்கியபடி நின்றேன். இன்று பொரியல் கருகியது.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. ஏரியில் கணுக்காலளவுத் தண்ணீர். பெண்கள் வந்து கற்பூரம் ஏற்றினார்கள். பூங்கோதை அந்தக் கல்லுக்கும் மஞ்சள் வைத்து, காதோலை கருகமணி போட்டாள். “ராணியம்மாவுக்கு, அக்கா” என்றாள். சிரித்துக்கொண்டே நானும் கொஞ்சம் மஞ்சள் வைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் ஊராட்சி செயலர் ரெங்கசாமி காத்திருக்கிறார். கிராம சபைத் தீர்மானப் பதிவேட்டைக் கொண்டுவந்திருக்கிறார். கூட்டம் பதினைந்தாம் தேதி. இன்றைக்கே தீர்மானம் எழுதி முடித்தாகிவிட்டது. ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்றும் போட்டாகிவிட்டது. என் கையெழுத்து வரவேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி.

“எப்பவும் போலதாம்மா. கூட்டத்தன்னிக்கி நேரம் பத்தாது.”

எப்போதும் போல்தான். மூன்று வருடமாக அந்தக் குறியைத் தேடிப்பிடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததில்லை, பார்க்க அவர்கள் நேரமும் கொடுத்ததில்லை. இன்றைக்குப் படித்தேன். ‘மாமன்னர் கோப்பெருமழவன் தம் குடிகளுக்காக வெட்டிய பேரேரிக்கு அவர் திருப்பெயரைச் சூட்ட.’ நான் கையெழுத்துப் போட்டால் அரசு ஆவணத்தில் ஏறிவிடும். அவளை இரண்டாம் தடவை புதைக்கும் கை என் கையாக இருக்கும்.

“அடுப்புல சோறு இருக்கு ரெங்கசாமி. அப்புறம் பாக்கலாம்” என்றேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

பதிவேடு ஆறு நாளாகத் தினமும் வீட்டுக்கு வருகிறது, திரும்பிப் போகிறது. தலைவலி, விரதம், கண்ணாடியைக் காணோம். சொல்ல வேறு காரணம் மிச்சமில்லை. இன்று அவரே கையில் கொண்டுவந்தார்.

“போடு.”

“மாட்டேன்.”

இந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அவர் அடிக்கிறவர் இல்லை, கை நீட்டியதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாக, “உன்ன நிக்க வச்சது யாரு?” என்றார்.

சட்டம் என்று சொல்லியிருக்கலாம். இப்போது, எழுதும்போது தோன்றுகிறது. எல்லாம் எழுதும்போதுதான் தோன்றுகிறது.

“பேரவக்காரங்க என்ன சொல்றாங்க தெரியுமா? அவ கோயில் கல்லத் திருடினவளாம். கல்லுலயே போட்டிருக்காம். அவ பேரையா வக்கிறது? சாமி குத்தம் வராது?”

திருடி! ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவள் திருடி. மனைவி செய்தால் கணவன் செய்த மாதிரி என்றால், திருட்டு மட்டும் ஏன் அவளுக்கு? நல்லது அவனுக்கு, பழி அவளுக்கா? உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இரவு அவருக்குத் தோசை வார்த்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

பழைய பருத்திப் புடவைக்குக் கஞ்சி போட்டேன். நாளைக்குக் கட்ட எடுத்து வைத்தேன். பயமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியை அவர்தான் ஏற்றினார். நான் கயிற்றைத் தொட்டேன், படம் எடுத்தார்கள்.

பள்ளிக்கூட வேப்ப மரத்தடியில் கிராம சபை. ஒன்றியத்திலிருந்து வந்திருந்த மேற்பார்வை அதிகாரி, ஒரு பெண், “தலைவர் யாரு?” என்று கேட்டார். ஊரே ஒன்றாக இவரைக் காட்டியது. பூங்கோதை ஒருத்தி மட்டும் என்னைக் காட்டினாள். அதிகாரி காகிதத்தைப் பார்த்துவிட்டு, “அப்ப நீங்க வந்து நடுவுல உட்காருங்கம்மா” என்றார். நான் போய் உட்கார்ந்தேன். முதுகு வலிக்கவில்லை.

குடிநீர், தெருவிளக்கு எல்லாம் முடிந்து ஏரி வந்தது. ரெங்கசாமி தீர்மானத்தை ஓட்டமாகப் படித்தார். “ஏகமனதா எல்லாரும்...” என்று அவர் கேட்கும் முன் நான் மைக்கை வாங்கிவிட்டேன். பதிலுக்கு மைக் கீச்சென்று கத்தியது.

“இந்தத் தீர்மானத்துல இருக்குறது தப்பு. நா கையெழுத்துப் போட மாட்டேன்.”

பேரவையின் செயலாளர் எழுந்தார். “அம்மா, கோயில் கல்லத் திருடி மதகு கட்டினவ பேரு ஏரிக்கு வேணுமா? ஊரு தாங்குமா?”

ஒரு சலசலப்பு. பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எட்டு வருடம் வகுப்பில் நின்ற கால் எனக்கு. எழுந்து நின்றேன்.

“அண்ணே, ராஜா குடியிருந்த எடத்துக்குத்தான் அன்னக்கி கோயில்னு பேரு. கோ இருக்குற இல்லு. அது ராஜா தனக்குக் கட்டிக்கிட்ட மண்டபத்துக் கல்லு. ஊரு தண்ணியில்லாமச் செத்துக்கிட்டு இருக்கும்போது மண்டபம் எதுக்குன்னு எடுத்து மதகுல வச்சா. வேணும்னா மதகுல போயி யாளியப் பாருங்க, தலகீழா நிக்கிது. சாமி மூஞ்சி ஒண்ணுகூட அதுல இல்ல.”

“அதுக்காவ? ராஜாவோட நாடு, ராஜாவோட ஏரிதானே?”

கடைமடைக்காரர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், எப்போதும் அங்கேதான் உட்காருவார்கள். அவர்களைப் பார்த்ததும்தான் பொறி தட்டியது.

“கடமட ஆளுங்களக் கேக்குறேன். நம்ம ஊருல மதகத் தொறந்தா மொதத் தண்ணி யாருக்கு?”

“எங்களுக்கு” என்றார் அய்யாக்கண்ணு, அதென்ன கேள்வி என்பது போல. ஏரியிலிருந்து ரொம்ப தூரத்தில் அவருக்கு முக்கால் ஏக்கர். “கடசி வயலுக்குப் பாஞ்ச பொறவுதான் மதகடி வயலுக்கு.”

“பக்கத்து ஊருல அப்படியா?”

“எந்த ஊருலயும் கெடையாது. மதகடியில இருக்குறவன் பாச்சிக்கிட்டு மிச்சத்த விடுவான். இங்கதான் கூஞ்சமுற.”

“கூஞ்சமுறன்னா என்னா?”

“அது... கூஞ்சமுற. தாத்தன் பாட்டன் காலத்துலேர்ந்து சொல்றது.”

“அவ பேரு குஞ்சரமாதேவி. அவ வச்ச மொற குஞ்சரமாதேவி மொற. கல்லுல எழுதியிருக்கு. ‘இவ்வேரி நீர் கடைமடை முதலாகப் பாயக் கடவது.’ ஏரி குஞ்சரமாதேவி ஏரி, கூஞ்சேரி. ஊரு குஞ்சரமாதேவி மங்கலம். நீங்க தெனம் அவ பேரத்தான் சொல்லிக்கிட்டு இருக்கீங்க, ஒங்களுக்கே தெரியாம. ராஜா பேர யாராவது ஒருத்தரு வயல்ல நின்னு சொல்லியிருக்கீங்களா?”

அய்யாக்கண்ணு துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். “எங்களுக்கு மொதத் தண்ணி குடுத்த தாயி பேரா அது? அந்தப் பேரப் போயி எடுக்கணும்குறீங்க?” என்று பேரவைக்காரரைப் பார்த்துக் கேட்டார். அதற்குப் பிறகு என் மைக்குக்கு வேலையில்லை. கடைமடை மொத்தமும் எழுந்துவிட்டது. நூறு நாள் வேலைப் பெண்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். எங்கள் வயல் மதகடியில் இருக்கிறது. வருடா வருடம் கடைசியில் தண்ணீர் வாங்கி முணுமுணுக்கிற மதகடிக்காரர்கள்கூட ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். இவர் தூக்கவில்லை. கைகட்டிக்கொண்டு நின்றார்.

பழைய தீர்மானத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னேன். குஞ்சரமாதேவிப் பேரேரி என்ற பெயரில் ஊராட்சியே கரையில் ஒரு கல்வெட்டு வைக்கும். முழுவதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 16, புதன்

அவர் காலையில் காபியை வாங்கிக் குடித்தார். “நல்லாத்தான் பேசின” என்றார். மனசு லேசாகிவிட்டது. “கல்லு வேலைய நா பாத்துக்கிறேன், ஒனக்கு அலைச்சல் வேணாம்.” பார்த்துக்கொள்ளட்டும். இத்தனைக்குப் பிறகும் அவர் இறங்கி வந்தாரே, அதுவே பெரிது.

ஜெசிந்தாவுக்கு போன் செய்தேன். கத்திவிட்டாள் சந்தோஷத்தில்.

செப்டம்பர் 8, வெள்ளி

எழுத்து கோணலாக வந்தாலும் பரவாயில்லை, இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

கல் காலையில் வந்து இறங்கியது. பளபளவென்று கருங்கல். கரையில் நிறுத்தி சிமெண்ட் வைத்தாகிவிட்டது. கல் வெட்டுகிறவர் கடைசி வேலைக்காக அங்கேயே மெஷினோடு இருந்தார். சொல்லி அனுப்பினார்கள், ஓடினேன். பூங்கோதை, கடைமடை ஆட்கள், ரெங்கசாமி, இவர், எல்லோரும் நிற்கிறார்கள். மேலே பெரிய எழுத்தில், மஞ்சள் வண்ணத்தில், ‘சேந்தன் குஞ்சரமாதேவியார் வெட்டுவித்த பேரேரி’. கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன்.

கும்பிட்ட கையை இறக்கும்போது கீழே படித்தேன்.

‘அரசியாரின் வரலாற்றை மீட்டெடுத்து, கிராம சபையில் போராடி இப்பெயரை நிலைநாட்டிய ஊராட்சி மன்றத் தலைவர் திரு. கலியபெருமாள் அவர்களின் சீரிய முயற்சியால் நிறுவப்பட்டது.’

இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை சத்தமாகப் படித்தேன்.

“வழக்கமா இப்படித்தாம்மா போடுறது” என்றார் ரெங்கசாமி, யாரையும் பார்க்காமல்.

“யாரு போராடினா?” என்றேன்.

இவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் போகவில்லை. அங்கேயே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அதான் ராணிக்குக் குடுத்தாச்சுல்ல? ஒன் ஆசப்படியே பேரு வச்சாச்சு. இன்னும் என்னா வேணும் ஒனக்கு?”

“ராணிக்கு நீங்க குடுக்கல. அது அவளோடது. இது என்னோடது.”

இது எழுதும்போது தோன்றியதில்லை. அங்கேயே, அவர் முகத்துக்கு நேரே, எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

“நீ வேற, நா வேறயா?” என்றார். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது. ராஜாவும் இதைத்தான் கேட்டிருப்பான், நாலு வருடம் கழித்து வந்து, நிறைந்த ஏரிக் கரையில் நின்று. அவள் என்ன சொன்னாளோ. சொல்லித்தான் காணாமல் போனாளோ.

கல் வெட்டுகிறவரிடம் கேட்டேன், அந்த வரியை எடுக்க முடியுமா என்று. “தேச்சு எடுக்கலாம்மா. அந்த எடம் கொஞ்சம் பள்ளமாத் தெரியும்.”

“தெரியட்டும். தேயுங்க.”

அவர் இவரைப் பார்த்தார். ரெங்கசாமி இவரைப் பார்த்தார். எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். பூங்கோதை, “தலைவர் சொல்றாங்கல்ல, தேய்யா” என்றாள்.

மெஷின் ஓடியது. வெள்ளையாகத் தூள் பறந்தது. “என் பேர நீயே அழிக்கச் சொல்றியே” என்றார் இவர். அவர் குரல் உடைந்திருந்தது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அழித்தால் வலிக்கும் என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. என் பெயரை யாரும் இப்படி அழித்ததில்லை. அழிப்பதற்கு முதலில் எங்கேயாவது எழுதியிருக்க வேண்டுமே.

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வருவாரா, அக்கா வீட்டுக்குப் போவாரா தெரியாது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

தேய்த்து முடியும் முன்பே கல் வெட்டுகிறவர் தலையைத் திருப்பி, “இந்த எடத்துல யாரு பேரும்மா போடணும்?” என்றார்.

சொன்னேன்.

“மெஷின் சத்தத்துல கேக்கல. பலமாச் சொல்லுங்க.”

ஏரியின் அக்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். “தையல்நாயகி!”